கருக்கால முன்னறி சோதனை

கருக்கால முன்னறி சோதனை என்பது, கருவுற்றிருக்கும் பெண்ணுக்கோ அவர் வயிற்றில் வளரும் கருவுக்கோ குறிப்பிட்ட ஒரு நோய் அல்லது குறைபாடு இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதை மதிப்பிடும் மருத்துவச் சோதனை ஆகும். மருத்துவமனைகளில் இது ஸ்கிரீனிங் சோதனை என்றே பெரும்பாலும் வழங்கப்படுகின்றது. குருதிச் சோதனையும் மீயொலி ஸ்கேனும் இதன் முதன்மையான வழிமுறைகள் ஆகும். நோயின் அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கும் இது செய்யப்படுகின்றது என்பது இதன் சிறப்பியல்பு.

இச்சோதனை, நோய் உள்ளது என்றோ இல்லை என்றோ அறுதியிட்டுக் கூறுவதில்லை. வாய்ப்புக் கூடியவர்களைப் பிரித்துக் காட்டுவதே இதன் பணி. நோயை உறுதிசெய்ய வேறு சோதனைகள் தேவைப்படுகின்றன. அவற்றுள் சில, சிறிய அளவிலேனும் கருச்சிதைவு இடரைக் கொண்டவை. ஆகவே முன்னறி சோதனையைச் செய்துகொள்வதா வேண்டாமா என்பது ஒரு குருதிச் சோதனை பற்றிய முடிவு மட்டும் அன்று. அதைத் தொடர்ந்து வரக்கூடிய பல முடிவுகளின் தொடக்கமும் ஆகும். இக்கட்டுரை, உலகில் மிகப் பரவலாகச் செய்யப்படும் டவுன் நோய்த்தொகைக்கான முன்னறி சோதனையை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முடிவின் கூறுகளை விளக்குகின்றது.

முன்னறி சோதனையும் நோயறி சோதனையும்

முன்னறி சோதனையைச் சல்லடைக்கு ஒப்பிடலாம். சல்லடையில் தங்குவன எல்லாம் கற்கள் அல்ல. கீழே விழுவன எல்லாம் மணிகளும் அல்ல. அதுபோலவே, முன்னறி சோதனையில் 'வாய்ப்பு அதிகம்' என்று வருவோரில் பெரும்பாலோருக்குக் குறைபாடு இல்லாத குழந்தையே பிறக்கலாம். 'வாய்ப்பு குறைவு' என்று வருவோரில் சிலருக்குக் குறைபாட்டுடன் குழந்தை பிறக்கலாம். முன்னது போலி நேர்முடிவு எனவும் பின்னது போலி எதிர்முடிவு எனவும் அழைக்கப்படும்.

நோயறி சோதனை என்பது கருவின் அல்லது நஞ்சுக்கொடியின் உயிரணுக்களை எடுத்து, அவற்றின் நிறப்புரிகளை (குரோமோசோம்களை) அல்லது மரபணுக்களை நேரடியாக ஆராய்வது ஆகும். இதன் முடிவு பெரும்பாலும் உறுதியானது. ஆனால் இதற்குக் கருப்பைக்குள் ஊசி செலுத்த வேண்டும்.

எந்த நோய்க்கு முன்னறி சோதனை நடத்தலாம் என்பதற்கான பொது வரைமுறைகளை வில்சன், யுங்னர் ஆகிய இருவரும் உலக சுகாதார அமைப்பின் சார்பில் 1968 ஆம் ஆண்டில் வகுத்தனர். நோய் முக்கியமானதாக இருத்தல், அதற்கு ஏற்கத்தக்க சிகிச்சை இருத்தல், சோதனை மக்களுக்கு ஏற்புடையதாக இருத்தல் முதலியன அவற்றுள் அடங்கும். கருக்காலச் சோதனைகளுள் ஒரு பகுதி இவ்வரைமுறைக்கு எளிதில் பொருந்துகின்றது. மற்றொரு பகுதி அவ்வாறு பொருந்துவதில்லை. முடிவெடுப்பதில் உள்ள சிக்கலுக்கு இவ்வேறுபாடே அடிப்படை ஆகும்.

வரலாறு

டவுன் நோய்த்தொகையை ஆங்கிலேய மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் 1866 ஆம் ஆண்டில் விவரித்தார். இது தாயின் வயதுடன் தொடர்புடையது, தந்தையின் வயதுடன் அன்று என்பதை லயனல் பென்ரோசு 1933 இல் காட்டினார். இந்நிலை கொண்டோரின் உயிரணுக்களில் 21 ஆவது நிறப்புரி இரண்டுக்கு மாறாக மூன்றாக உள்ளது என்பதை 1959 இல் பிரான்சு நாட்டின் செரோம் லெசூனும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்டனர்.

1958 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டும் அவர் குழுவினரும் மகப்பேற்று மருத்துவத்தில் மீயொலியைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டனர். 1966 இல் பனிக்குட நீரில் உள்ள உயிரணுக்களை வளர்த்து நிறப்புரிகளை எண்ண முடியும் என்று காட்டப்பட்டது. தொடக்கத்தில் இச்சோதனை பெரும்பாலும் 35 வயதைக் கடந்த பெண்களுக்கே வழங்கப்பட்டது. ஆனால் மகப்பேறுகளில் பெரும்பகுதி இளம் பெண்களுடையது என்பதால், டவுன் நோய்த்தொகை உடைய குழந்தைகளில் பெரும்பாலோர் 35 வயதுக்குக் குறைந்த தாய்மாருக்கே பிறந்தனர். எனவே வயதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாத ஒரு சோதனை தேவைப்பட்டது.

1972 இல் எடின்பரோவில் டேவிட் பிராக், ரோசர் சட்கிளிஃப் ஆகியோர், நரம்புக்குழாய்க் குறைபாடு உள்ள கருக்களில் ஆல்ஃபா ஃபீட்டோபுரதம் பனிக்குட நீரில் மிகுந்திருப்பதைக் கண்டனர். இதே புரதம் டவுன் நோய்த்தொகையில் தாயின் குருதியில் குறைந்திருப்பது 1984 இல் அறியப்பட்டது. 1988 இல் மூன்று குருதிக் குறியீடுகளைத் தாயின் வயதுடன் இணைத்துக் கணக்கிடும் முறையை நிக்கலசு வால்டும் அவர் குழுவினரும் முன்வைத்தனர். 1992 இல் கிப்ரோசு நிக்கொலைடிசும் குழுவினரும் கருவின் பிடரியில் சேரும் நீரின் தடிப்பை அளக்கும் முறையை வெளியிட்டனர்.

1997 ஆம் ஆண்டில் டெனிசு லோவும் குழுவினரும், கருவுற்ற பெண்ணின் குருதி நீர்மத்தில் கருவைச் சார்ந்த டி.என்.ஏ. துணுக்குகள் மிதப்பதைக் கண்டறிந்தனர். இதனை அடிப்படையாகக் கொண்ட சோதனை 2011 இல் வணிக முறையில் அறிமுகமானது.

சோதனை வகைகள்

தாய்க்கும் சேய்க்கும் உடனடிப் பயன் தரும் சோதனைகள்

குருதிச்சோகை, குருதி வகை, நீரிழிவு, எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சிஃபிலிசு ஆகியவற்றுக்கான சோதனைகள் இவ்வகையின. இவற்றில் நோய் கண்டறியப்பட்டால் செய்யத்தக்க சிகிச்சை உள்ளது. எடுத்துக்காட்டாக, சிகிச்சை இல்லாத நிலையில் எச்.ஐ.வி. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை உள்ளது. உரிய மருந்துகளால் இதனை 5 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவர இயலும். இவ்வகைச் சோதனைகளை ஏற்பதில் பெரும்பாலோருக்குத் தயக்கம் எழுவதில்லை.

தாய் தந்தையரின் மரபு நிலையை அறியும் சோதனைகள்

தலசீமியா போன்ற ஒடுங்கு மரபு நோய்களில், நோய்க்கூறு ஒன்றைச் சுமப்பவர் நலமுடனேயே இருப்பார். கணவன், மனைவி இருவரும் அதே கூற்றைச் சுமப்பவராயின், ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 4 இல் 1 ஆகும். எளிய குருதிச் சோதனையால் இதனை அறியலாம். சைப்பிரசு நாட்டில் 1970களில் தொடங்கிய தலசீமியா முன்னறி திட்டம், நோயுடன் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்தது.

தமிழர்களிடையே வழங்கும் தாய்மாமன் மணம், அத்தை மகன் அல்லது மாமன் மகள் மணம் முதலிய உறவுமுறைத் திருமணங்களில் இவ்வகை ஒடுங்கு மரபு நோய்களின் வாய்ப்பே கூடுகின்றது. டவுன் நோய்த்தொகையில் பெரும்பான்மையானவை உயிரணுப் பிரிவின்போது தற்செயலாக நேர்பவை; உறவுமுறைத் திருமணம் அதற்குக் காரணம் அன்று. ஆகவே டவுன் நோய்த்தொகைச் சோதனையில் வாய்ப்பு குறைவு என வந்தமை, உறவுமுறைத் திருமணம் சார்ந்த ஐயத்துக்கு விடை ஆகாது.

நிறப்புரிக் குறைபாடுகளுக்கான சோதனைகள்

டவுன் நோய்த்தொகையுடன், 18 ஆவது நிறப்புரி மும்மடியாகும் எட்வர்ட்சு நோய்த்தொகையும், 13 ஆவது நிறப்புரி மும்மடியாகும் பட்டாவு நோய்த்தொகையும் இவற்றால் தேடப்படுகின்றன. பின்னைய இரண்டுடன் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றன.

- ஒருங்கிணைந்த சோதனை: கருவுற்ற 11 ஆவது வாரம் முதல் 14 ஆவது வாரம் நிறைவடைவதற்குள் செய்யப்படுவது. பிடரி நீர்த் தடிப்பை அளக்கும் ஸ்கேனும், தாயின் குருதியில் இரண்டு பொருள்களின் அளவும், தாயின் வயதும் சேர்த்துக் கணக்கிடப்படுகின்றன. பேச்சு வழக்கில் இவை என்.டி. ஸ்கேன், டபுள் மார்க்கர் எனப்படுகின்றன. டவுன் நோய்த்தொகை உள்ள கருக்களில் 100 இல் ஏறத்தாழ 85 முதல் 90 வரை இதனால் பிரித்தறியப்படுகின்றன. குறைபாடு இல்லாதவர்களில் 100 இல் ஏறத்தாழ 5 பேருக்குப் போலி நேர்முடிவு வருகின்றது.

- நான்கு குறியீட்டுச் சோதனை: முதற் பருவத்தைத் தவறவிட்டவர்களுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 வாரங்களுக்குள் செய்யப்படும் குருதிச் சோதனை. குவாட்ரபிள் மார்க்கர் என்பது வழக்குப் பெயர். கண்டறியும் திறன் 80 விழுக்காட்டை ஒட்டியது.

- குருதியில் மிதக்கும் டி.என்.ஏ. சோதனை: 10 ஆவது வாரம் முதல் செய்யப்படுவது. என்.ஐ.பி.டி. என்னும் சுருக்கப்பெயரால் அறியப்படுகின்றது. டவுன் நோய்த்தொகைக்கு இதன் கண்டறியும் திறன் 99 விழுக்காட்டை ஒட்டியது. போலி நேர்முடிவு 1,000 இல் 1 என்ற அளவில் உள்ளது. எனினும் இதுவும் முன்னறி சோதனையே. இதில் ஆராயப்படும் டி.என்.ஏ. நஞ்சுக்கொடியின் உயிரணுக்களிலிருந்து வருவது. சில வேளைகளில் நஞ்சுக்கொடியின் நிறப்புரிகளும் கருவின் நிறப்புரிகளும் வேறுபடுகின்றன. கருவைச் சார்ந்த டி.என்.ஏ. போதிய அளவு இல்லாதபோது முடிவே கிடைக்காமலும் போகலாம்.

உடலமைப்பு ஸ்கேன்

18 முதல் 20 வாரங்களுக்குள், கருவின் மூளை, முதுகுத்தண்டு, இதயம், சிறுநீரகம் முதலிய உறுப்புகளின் அமைப்பைப் பார்க்கும் ஸ்கேன் செய்யப்படுகின்றது. இது அனாமலி ஸ்கேன் என வழங்கப்படும். பலர் இதனைக் குழந்தையைப் பார்க்கும் மகிழ்ச்சியான நிகழ்வாகவே கருதிச் செல்கின்றனர். ஆயினும் இதுவும் குறைபாடுகளைத் தேடும் சோதனையே ஆகும். எல்லா உறுப்புக் குறைபாடுகளும் இதில் தென்படுவதில்லை. இதயக் குறைபாடுகளில் ஒரு பகுதி பிறந்த பின்னரே தெரியவருகின்றது.

முடிவுகளைப் பொருள்கொள்ளுதல்

முன்னறி சோதனையின் முடிவு பெரும்பாலும் ஒரு விகிதமாக அளிக்கப்படுகின்றது. '1:150' என்பதன் பொருள், இதே முடிவு வந்த 150 பெண்களில் ஒருவரின் கருவுக்கு டவுன் நோய்த்தொகை இருக்கும், 149 பேரின் கருவுக்கு இராது என்பதாகும். பின்னால் உள்ள எண் சிறிதாக ஆக, வாய்ப்பு கூடுகின்றது. அதாவது 1:50 என்பது 1:1500 ஐ விட உயர்ந்த வாய்ப்பு. எந்த எண்ணுக்கு மேல் 'வாய்ப்பு அதிகம்' என்று குறிப்பது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. இங்கிலாந்தில் 150 இல் 1 என்பது எல்லையாக உள்ளது. 250 இல் 1 என்ற எல்லையும் பிறவிடங்களில் பயன்படுகின்றது. எனவே ஒரே விகிதம் ஓரிடத்தில் 'அதிகம்' எனவும் மற்றோரிடத்தில் 'குறைவு' எனவும் குறிக்கப்படலாம்.

சோதனை ஏதும் இல்லாத நிலையில், டவுன் நோய்த்தொகையுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு தாயின் வயதைப் பொறுத்து ஏறத்தாழப் பின்வருமாறு அமைகின்றது:

- 20 வயதில் 1,500 இல் 1
- 30 வயதில் 900 இல் 1
- 35 வயதில் 350 இல் 1
- 40 வயதில் 100 இல் 1

சோதனையின் திறனும் இந்த அடிப்படை வாய்ப்பும் சேர்ந்தே முடிவின் பொருளைத் தீர்மானிக்கின்றன. இதனை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம்.

1,000 இல் 1 என்ற அடிப்படை வாய்ப்புடைய 1,00,000 கர்ப்பிணிகளைக் கொள்வோம். இவர்களில் 100 பேரின் கருவுக்கு டவுன் நோய்த்தொகை உள்ளது. 99,900 பேரின் கருவுக்கு இல்லை. 85 விழுக்காடு கண்டறியும் திறனும் 5 விழுக்காடு போலி நேர்முடிவும் உடைய ஒருங்கிணைந்த சோதனையை அனைவரும் செய்துகொண்டால்:

- சரியாகப் பிரித்தறியப்படுவோர்: 85
- தவறவிடப்படுவோர்: 15
- போலி நேர்முடிவு பெறுவோர்: 4,995

அதாவது 'வாய்ப்பு அதிகம்' என்ற முடிவைப் பெறும் 5,080 பேரில் 85 பேருக்கே உண்மையில் குறைபாடு உள்ளது. இது ஏறத்தாழ 60 இல் 1 ஆகும். மற்ற 59 பேரும் குறைபாடு இல்லாத கருவைச் சுமந்துகொண்டே கவலையில் நாள்களைக் கழிக்கின்றனர்.

இதே 1,00,000 பேர், 99 விழுக்காடு கண்டறியும் திறனும் 0.1 விழுக்காடு போலி நேர்முடிவும் உடைய டி.என்.ஏ. சோதனையைச் செய்துகொண்டால், 99 பேருக்குச் சரியான நேர்முடிவும் ஏறத்தாழ 100 பேருக்குப் போலி நேர்முடிவும் வரும். 'சோதனை 99 விழுக்காடு துல்லியமானது' என்று கேட்டவர், நேர்முடிவு வந்தால் குறைபாடு 99 விழுக்காடு உறுதி என்று எண்ணக்கூடும். ஆனால் இங்கு அது இரண்டில் ஒன்று என்ற அளவிலேயே உள்ளது. அடிப்படை வாய்ப்பு 100 இல் 1 ஆக உள்ள 40 வயதுப் பெண்களிடையே இதே சோதனையின் நேர்முடிவு 100 இல் 91 முறை சரியாக இருக்கும். சோதனை மாறவில்லை, சோதிக்கப்படுவோரின் அடிப்படை வாய்ப்பே மாறியுள்ளது.

மிக அரிய நோய்களைத் தேடும்போது இச்சிக்கல் மேலும் கூடுகின்றது. நிறப்புரியின் சிறு பகுதி இல்லாமற்போவதால் ஏற்படும் அரிய நிலைகளையும் சில நிறுவனங்கள் டி.என்.ஏ. சோதனையில் சேர்த்துள்ளன. இவ்வகைச் சோதனைகளின் முடிவை மட்டும் கொண்டு கருவைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என 2022 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் எச்சரித்தது.

'பாசிட்டிவ்' என்ற சொல் அன்றாட வழக்கில் நல்லதைக் குறிப்பதாலும், சோதனையில் குறைபாட்டுக்கான வாய்ப்பைக் குறிப்பதாலும் குழப்பம் நேர்வதுண்டு. இதனைத் தவிர்க்க 'வாய்ப்பு அதிகம்', 'வாய்ப்பு குறைவு' என்னும் சொற்களைப் பயன்படுத்துவது நன்று.

உறுதிசெய்யும் சோதனைகள்

நஞ்சுக்கொடித் திசுச் சோதனை, 11 முதல் 14 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடியின் சிறு துணுக்கை எடுத்து ஆராய்வது ஆகும். பனிக்குட நீர்ச் சோதனை, 15 ஆவது வாரத்துக்குப் பின் கருவைச் சூழ்ந்துள்ள நீரில் சிறிதளவை ஊசியால் எடுத்து ஆராய்வது ஆகும். விரைவு முறைகளில் முதன்மையான நிறப்புரிகள் பற்றிய முடிவு சில நாள்களில் கிடைக்கும். உயிரணுக்களை வளர்த்துப் பெறும் முழு முடிவுக்கு இரண்டு முதல் மூன்று வாரங்கள் ஆகலாம்.

இச்சோதனைகளால் நேரும் கருச்சிதைவு முன்னர் 100 இல் 1 எனக் கூறப்பட்டு வந்தது. தேர்ந்த மருத்துவர் செய்யும்போது கூடுதல் இடர் 0.5 விழுக்காட்டுக்கும் குறைவு என்பது தற்போதைய மதிப்பீடு. ஆயினும் இது சுழி அன்று. மேற்கண்ட கணக்கில் 5,080 பேரும் 0.5 விழுக்காடு இடருடைய சோதனையைச் செய்துகொள்வதாகக் கொண்டால், 85 டவுன் நோய்த்தொகைக் கருக்களைக் கண்டறிவதற்காக ஏறத்தாழ 25 கருக்கள் இழக்கப்படும். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை குறைபாடு அற்றவை. ஒருங்கிணைந்த சோதனையில் வாய்ப்பு அதிகம் என வந்தோர்க்கு முதலில் டி.என்.ஏ. சோதனையை வழங்கி, அதிலும் நேர்முடிவு வந்தால் மட்டும் ஊசிச் சோதனையை வழங்கும் முறை இதன் காரணமாகவே ஏற்பட்டது. இங்கிலாந்தின் தேசிய நலச் சேவை 2021 முதல் இம்முறையைப் பின்பற்றுகின்றது.

முடிவெடுத்தல்

சோதனைக்கு முன் எழும் வினாக்கள்

நிறப்புரிக் குறைபாட்டைச் சரிசெய்யும் சிகிச்சை எதுவும் இல்லை. எனவே இச்சோதனையின் பயன், கிடைக்கும் தகவலைக் கொண்டு அப்பெண் என்ன செய்ய விரும்புகின்றார் என்பதைப் பொறுத்தது. குருதி எடுப்பதற்கு முன்னரே பின்வரும் வினாக்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது உதவும்:

- இச்சோதனை எந்த நோய்களைத் தேடுகின்றது, எவற்றைத் தேடுவதில்லை?
- வாய்ப்பு அதிகம் என வந்தால், இடருள்ள உறுதிசெய்யும் சோதனைக்கு உடன்படுவாரா?
- உடன்படாவிடில், உறுதியற்ற ஓர் எண்ணை மட்டும் சுமந்துகொண்டு எஞ்சிய மாதங்களைக் கழிக்க இயலுமா?
- குறைபாடு உறுதியானால், கருவைத் தொடர்வாரா, கலைக்க எண்ணுவாரா? அதற்கான சட்டக் காலவரை எது?
- அடுத்தடுத்த சோதனைகளுக்கான செலவு எவ்வளவு. அவை எந்த ஊரில் கிடைக்கின்றன?

அறிந்தபின் அறியாத நிலைக்குத் திரும்ப இயலாது என்பதால், இவ்வினாக்கள் சோதனைக்குப் பின் எழுவதைவிட முன் எழுவதே நலம்.

வேறுபட்ட தெரிவுகள்

கருவைக் கலைப்பது பற்றி எண்ணிப்பார்க்கும் பெண்ணுக்கு, விரைவில் கிடைக்கும் முடிவு கூடுதல் அவகாசத்தைத் தருகின்றது. எந்நிலையிலும் கருவைத் தொடர்வதாக முடிவு செய்துள்ள பெண்ணும் சோதனையை விரும்பலாம். டவுன் நோய்த்தொகையுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் குறைபாடு உள்ளது. முன்னரே தெரிந்தால், குழந்தை மருத்துவ வசதியுள்ள மருத்துவமனையில் மகப்பேற்றைத் திட்டமிடலாம். குடும்பத்தினரும் மனத்தளவில் ஆயத்தமாகலாம். சில குறைபாடுகளுக்குக் கருவிலேயே சிகிச்சை செய்வதும் தற்போது இயலும். முதுகுத்தண்டுப் பிளவுக்குப் பிறக்கும் முன்னரே அறுவை செய்வதால் பயன் உண்டு என அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2011 இல் காட்டியது.

தெரிந்துகொள்ள விரும்பாமையும் ஏற்கத்தக்க தெரிவே. முடிவு எதுவாயினும் தன் செயல் மாறாது எனக் கருதும் ஒருவர், குருதிச் சோதனையைத் தவிர்த்து உடலமைப்பு ஸ்கேனை மட்டும் செய்துகொள்ளலாம். மிகுந்த வாய்ப்புடைய வேறொருவர், முன்னறி சோதனையைத் தாண்டி நேராக உறுதிசெய்யும் சோதனைக்குச் செல்லலாம். சோதனையை மறுப்பவரைப் பொறுப்பற்றவர் எனவோ, ஏற்பவரை இரக்கமற்றவர் எனவோ கருதுவது பொருந்தாது.

சோதனை தரும் ஆறுதலுக்கும் எல்லை உண்டு. பெரிய பிறவிக் குறைபாடுகள் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 3 பேருக்குக் காணப்படுகின்றன. அவற்றில் டவுன் நோய்த்தொகை ஒரு பகுதியே. மதியிறுக்கம், பெரும்பான்மையான அறிவுத்திறன் குறைபாடுகள் முதலியன இச்சோதனைகளில் வெளிப்படுவதில்லை. 'எல்லாம் இயல்பு' என்ற முடிவின் பொருள், தேடப்பட்ட சிலவற்றின் வாய்ப்பு குறைவு என்பது மட்டுமே.

ஆலோசனை

மரபியல் ஆலோசனை என்னும் சொல்லை 1947 இல் செல்டன் ரீடு உருவாக்கினார். தகவலை முழுமையாக அளித்து, முடிவைத் தம்பதியரிடமே விடுவது இவ்வாலோசனையின் நெறியாக ஏற்கப்பட்டுள்ளது. ஆனால் இரும்புச்சத்து, சர்க்கரை அளவு ஆகியவற்றுடன் டவுன் நோய்த்தொகைச் சோதனையும் ஒரே சீட்டில் எழுதப்படும்போது, தான் ஒரு தெரிவைச் செய்கின்றோம் என்பதையே பெண் அறியாமற் போகலாம். முடிவு கைக்கு வரும்போதுதான் முதல் வினா எழுகின்றது. கணவர், மாமியார், தாய் என மூத்தோர் பலர் கூடி முடிவெடுக்கும் குடும்பங்களில், கருவைச் சுமப்பவரின் விருப்பம் கடைசியாகக் கேட்கப்படுவதும் உண்டு.

நாடுகளுக்கிடையிலான வேறுபாடு

டென்மார்க்கு 2004 ஆம் ஆண்டில் வயது வேறுபாடின்றி எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் முதற் பருவச் சோதனையை வழங்கப் பரிந்துரைத்தது. அங்கு 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அதனை ஏற்கின்றனர். அதனைத் தொடர்ந்த சில ஆண்டுகளில், டவுன் நோய்த்தொகையுடன் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நெதர்லாந்தில், இச்சோதனை பற்றிய தகவலை அறிய விருப்பமா என்பதே பெண்ணிடம் முதலில் கேட்கப்படுகின்றது. 2017 ஏப்ரலில் அங்கு டி.என்.ஏ. சோதனை எல்லாருக்கும் கிடைக்கச் செய்யப்பட்டபோது, ஏறத்தாழப் பாதிப் பேரே அதனைத் தெரிவு செய்தனர். இரண்டும் வளமான ஐரோப்பிய நாடுகள். சோதனை எவ்வாறு வழங்கப்படுகின்றது, செலவை யார் ஏற்கின்றனர், மறுப்பது எவ்வளவு எளிது என்பனவும் தனியாள் முடிவில் பங்கு வகிக்கின்றன என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகின்றது.

சட்டம்

இந்தியா

பெண் கருக்கள் அழிக்கப்படுவதைத் தடுக்க, கருவின் பாலினம் அறிவதைத் தடை செய்யும் சட்டம் 1994 இல் இயற்றப்பட்டு 1996 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2003 இல் இது திருத்தப்பட்டு, கருத்தரிப்பதற்கு முந்தைய பாலினத் தேர்வையும் உள்ளடக்கியது. நிறப்புரிக் குறைபாடுகள், மரபு நோய்கள், பிறவி உறுப்புக் குறைபாடுகள் முதலியவற்றை அறியச் சோதனை செய்வதை இச்சட்டம் ஏற்கின்றது. சோதனையின் பக்க விளைவுகளை விளக்குதல், பெண்ணுக்குப் புரியும் மொழியில் எழுத்து வழி ஒப்புதல் பெறுதல், அதன் படியை அவரிடம் அளித்தல் ஆகியவற்றையும் இது கட்டாயமாக்குகின்றது. டி.என்.ஏ. சோதனையால் பாலினத்தையும் அறிய இயலுமாயினும், அதனைத் தெரிவிப்பது இந்தியாவில் குற்றம் ஆகும்.

1971 ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 20 வாரம் வரையே கருக்கலைப்பை அனுமதித்தது. உடலமைப்பு ஸ்கேன் 18 முதல் 20 வாரங்களுக்குள் நிகழ்வதால், குறைபாடு தெரிந்தபோது காலவரை முடிந்துவிட்ட நிலை பலருக்கு ஏற்பட்டது. 2008 இல், கருவின் இதயக் குறைபாட்டை 20 வாரத்துக்குப் பின் அறிந்த மும்பைத் தம்பதியரின் கருக்கலைப்பு வேண்டுகோளைப் பம்பாய் உயர் நீதிமன்றம் மறுத்தது. இவ்வழக்கு சட்டத் திருத்தம் பற்றிய விவாதத்தைத் தூண்டியது. 2021 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, குறிப்பிட்ட வகைப் பெண்களுக்குக் காலவரை 24 வாரமாக உயர்த்தப்பட்டது. கருவில் கணிசமான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு கண்டறிந்தால் இக்காலவரை பொருந்தாது. அகவை நிறைந்த பெண்ணின் ஒப்புதலே போதுமானது. கணவரின் ஒப்புதலைச் சட்டம் கோரவில்லை.

இலங்கை

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறு காரணங்களுக்காகக் கருக்கலைப்புச் செய்வதை ஏற்பதில்லை. கருவின் குறைபாடு அதற்குரிய காரணமாகக் கொள்ளப்படுவதில்லை. ஆகவே அங்கு முன்னறி சோதனையின் பயன் பெரும்பாலும் மகப்பேற்றைத் திட்டமிடுதல், பிறந்த குழந்தையின் மருத்துவத்துக்கு ஆயத்தமாதல் ஆகியவற்றைச் சார்ந்தது.

விமர்சனங்கள்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பணியாற்றுவோர், குறைபாட்டைத் தேடிக் கண்டறியும் திட்டங்கள் அக்குறைபாட்டுடன் வாழ்வோரின் மதிப்பைக் குறைப்பதாகக் கூறுகின்றனர். பிரித்தானியாவில் கடும் குறைபாடு உள்ள கருவை 24 வாரத்துக்குப் பின்னரும் கலைக்க இடமளிக்கும் சட்டப் பிரிவை எதிர்த்து, டவுன் நோய்த்தொகை உடைய ஹைடி குரோட்டர் என்பவர் வழக்குத் தொடுத்தார். 2021 இல் உயர் நீதிமன்றமும் 2022 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தன.

சோதனையை ஆதரிப்போர், குழந்தையை வளர்க்கும் பொறுப்பு குடும்பத்தையே சாரும்போது அறியும் உரிமையும் முடிவெடுக்கும் உரிமையும் பெண்ணுக்கே உரியவை என்கின்றனர். தகவலின் தரம் பற்றி இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். டவுன் நோய்த்தொகையைப் பற்றிப் பழைய செய்திகளின் அடிப்படையில் ஆலோசனை வழங்கப்படுவது பொதுவான குறையாகக் கூறப்படுகின்றது. அமெரிக்காவில் 1983 இல் இந்நிலை கொண்டோரின் சராசரி வாழ்நாள் 25 ஆண்டுகளாக இருந்தது. இதய அறுவை உள்ளிட்ட மருத்துவ வசதி பெற்ற நாடுகளில் தற்போது அது 60 ஆண்டுகளை ஒட்டியுள்ளது. சோதனை முடிவைப் பெறும் பெற்றோருக்கு இத்தகைய புதிய, நடுநிலையான தகவல் கிடைக்க வேண்டும் என்ற நோக்கில் அமெரிக்காவில் 2008 ஆம் ஆண்டில் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. குறைபாட்டின் மருத்துவ விவரங்களுடன், அதனுடன் வாழும் மனிதர்களைப் பற்றியும் அவர்தம் குடும்பங்களுக்குக் கிடைக்கும் உதவிகளைப் பற்றியும் தெரிவிப்பதை இச்சட்டம் ஊக்குவிக்கின்றது.